யாரிடம் போய்க் கேட்பது?

ஓர் ஊர் பெரிய ஊராகிவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் பக்கத்தில் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து, ‘நகராட்சி’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘மா’ என்று ஓர் எழுத்தைப் போட்டார்கள்.

தமிழில் ‘மா’ என்றால் பெரிது என்று பொருள். பழைய கீழ்வாய் இலக்கக் கணக்கில் இருபதில் ஒரு பங்குக்கும் ‘மா’ என்றுதான் பெயர். இந்த இரண்டில் எங்களுக்கு வந்து சேர்ந்தது எந்த ‘மா’ என்று ஒரு குடிமகன் கேட்டால், அதை விஷமம் என்று தள்ளிவிடக் கூடாது. பதிலைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முன்பு தாம்பரம் நகராட்சிக்கு 39 வார்டுகள் இருந்தன. பல்லாவரம் நகராட்சிக்கு 42. இரண்டையும் கூட்டினால் 81. மற்ற எட்டு ஊர்களின் வார்டுகள் தனி. பத்து ஊர்களையும் சேர்த்து அமைந்த மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில் நடந்த முதல் தேர்தலில் எத்தனை வார்டுகள் என்றால், 70. இரண்டு ஊர்களுக்கு இருந்ததைவிடப் பத்து ஊர்களுக்குக் குறைவு! 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி பழைய தாம்பரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் இருந்தார்கள். அதாவது, சுமார் 4,500 பேருக்கு ஒரு கவுன்சிலர். பத்து ஊர்களுக்கும் அதே கணக்கின்படி 7,24,000-க்குச் சற்று மேல். இதை 70-ஆல் வகுத்தால் ஒரு கவுன்சிலருக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறது. அதற்குப் பிறகு எழும்பிய அடுக்கு மாடி வீடுகளில் குடியேறியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இப்படிச் சொன்னதும் நண்பர் ஒருவர், “கவுன்சிலர்கள் குறைந்தால் கமிஷனும் குறையும், விடுங்கள் ஸார்” என்றார். நம்மில் படித்தவர்கள் பலருக்கு இந்த அபிப்பிராயம் இருக்கிறது. ஸ்தல ஸ்தாபனம் என்றாலே சண்டை, சச்சரவு, கான்டிராக்ட் என்று முகத்தைச் சுளிப்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. நம்முடைய கதைகளும் சினிமாக்களும் இதற்கு நிறையவே உதவி செய்திருக்கின்றன. பஞ்சாயத்துத் தலைவர் என்றால் அவருக்கு ஒரு பெரிய மீசை. சேர்மன் என்றால் அவர் வீட்டுக் கொல்லையில் பணமூட்டை. நானும் கதை எழுதுகிறவன்தான். வில்லன் ஒருவன் கிடைத்துவிட்டால் கதாசிரியனுக்கு எத்தனை சௌகரியம் என்பது எனக்குத் தெரியும். ஆனால், இந்தப் புறநகரில் பல வருஷங்கள் குடியிருந்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: இங்கே பெரும்பாலான கஷ்டங்களுக்கு வில்லனே கிடையாது.

ஒரு சிறு உதாரணம். எங்கள் தெருக்கோடியில் மழைநீர் வடிகால் ஒரு சிறுபாலத்தின் அடியில் நுழைந்து அப்பால் போகிறது. ஒரு மழைக்காலத்தில் அந்தச் சிறுபாலத்தின் வாய் அடைத்துக்கொண்டது. முதலில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். “வடிகால் எங்களுடையது, பாலம் எங்களுடையதல்ல” என்றார்கள். பாலத்துக்கு உரிய அலுவலகத்தில், “பாலம் எங்களுடையது, அதன் கீழே போகும் கால்வாய் வேறு இலாகா” என்றார்கள். அந்த வேறு இலாகாவில் ஒரு வரைபடத்தை விரித்து, மிகுந்த மரியாதையுடன் எனக்கு நாற்காலி கொடுத்து, அந்த இடத்தில் கால்வாய் என்று எதுவும் குறிக்கப்படவில்லை என்பதைக் காட்டினார்கள். மூன்று இடத்திலும் இருந்தவர்கள் நல்லவர்கள். ஒருவரும் லஞ்சம் கேட்கவில்லை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. கடைசியில் தெருக்காரர்கள் பணம் வசூலித்து, இரண்டு ஆட்களைக் கடப்பாரையுடன் இறக்கி அடைப்பை எடுத்தோம். அந்த இருவருக்கும் கையுறைகூட இல்லை. யார் மேலும் குற்றம் இல்லாத ஒரு காரியத்தில், குற்றம் இல்லாத இரண்டு பேர் சாக்கடையில் இறங்கினார்கள்.

ஒரு ஊருக்கு இருக்கவேண்டிய முதல் வசதி எது? குழாய், விளக்கு, சாலை என்றுதான் எல்லாரும் வரிசைப்படுத்துவார்கள். நான் வேறொன்றை முதலில் வைப்பேன். ‘இதை யாரிடம் போய்க் கேட்பது?’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில் இருக்கவேண்டும். அந்த வசதி இருந்தால் மற்றவை நாளடைவில் வந்து சேரும். அது இல்லாவிட்டால், வந்த குழாயும் விளக்கும் கெட்டுப்போகும்போது திண்டாட்டம்தான்.

இந்தப் பிரதேசம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று நினைத்துப் பார்த்தால் குழப்பத்தின் வேர் தெரியும். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறிஸ்துவக் கல்லூரி பட்டணத்தை விட்டு இங்கே வந்தது. அதற்கும் முன்னால், 1928-இலேயே, நல்ல காற்றை உத்தேசித்துக் காசநோய் ஆஸ்பத்திரியை இங்கே கட்டினார்கள். இன்றும் ஒரு ரயில் நிலையத்துக்கு ‘ஸானடோரியம்’ என்றே பெயர். ரயிலும் கல்லூரியும் காற்றும் இருக்கும் இடத்துக்கு ஜனங்கள் வராமல் இருப்பார்களா? வந்தார்கள். 1964-இல் புலிக்கொரடு, கடப்பேரி, தாம்பரம், இரும்புலியூர், சேலையூர் ஆகிய பஞ்சாயத்துகளைச் சேர்த்து நகராட்சி ஆக்கினார்கள்.

வந்தவர்கள் எங்கே வீடு கட்டினார்கள்? வயலில் கட்டினார்கள். வயல் எங்கே இருந்தது? ஏரியின் கீழே இருந்தது. செங்கல்பட்டு ஜில்லாவே ஏரிகளின் ஜில்லா அல்லவா? ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. சிட்லபாக்கம் ஏரியில் மிஞ்சியது செம்பாக்கம் ஏரிக்குப் போய், அங்கே மிஞ்சியது நன்மங்கலம் வழியாகக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். மேற்குப் பக்கத்துத் தண்ணீருக்கு அடையாறு. இந்த ஒழுங்கை ஒரு காலத்தில் காப்பாற்றியது சட்டம் மட்டுமல்ல, வயிறும்தான். ஏரி பாழானால் பயிர் பாழ் என்று தெரிந்த குடியானவன் கரையை மிதித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். வயல் மனையானதும் அவன் போய்விட்டான். அந்த நாளிலிருந்து ஏரிக்கு ஒரு சொந்தக்காரன் கடுதாசியில் மட்டும் இருக்கிறான். ஏரி ஓர் இலாகாவுக்கு, ஏரிக்கு வரும் கால்வாய் வேறோர் அலுவலகத்துக்கு, கால்வாயைக் குறுக்கே வெட்டும் பெருஞ்சாலை இன்னொரு இலாகாவுக்கு. தண்ணீர் மட்டும் பழைய வழியையே ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது.

அது எவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது என்பதை 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் பார்த்தோம். டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் அது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் மாடிகளில் நின்றுகொண்டு படகுக்குக் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் அன்று செம்பரம்பாக்கத்தைப் பற்றியே பேசிற்று. பட்டணத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தும். ஆனால், செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்குப் பக்கத்தில். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய மேற்கு ஏரிகளிலிருந்து வந்த வெள்ளம். அதைப் பற்றி யாரும் அதிகமாகச் சண்டை போடவில்லை. சண்டை போடுவதற்கு அங்கே ஒரு பெரிய பெயர் இல்லை.

அந்த வெள்ளத்துக்குப் பின் வரதராஜபுரம் பக்கத்தில் ஆற்றை அகலப்படுத்தினார்கள். ஆனாலும் 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் வந்தபோது அதே பகுதிகளில் மறுபடியும் தண்ணீர் ஏறியது. நான் இதில் வற்புறுத்துவது எல்லைப் பிரச்னையை. ஆதனூரும் மண்ணிவாக்கமும் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தவை அல்ல. 2021-இல் மாநகராட்சியின் எல்லைக்கோட்டைப் போட்டபோது முடிச்சூரே வெளியே கிராம ஊராட்சியாக நின்றது. மேலே இருக்கும் ஏரிக்கு ஒரு அதிகாரம், நடுவில் போகும் ஆற்றுக்கு ஒரு அதிகாரம், கீழே மூழ்குகிற வீட்டுக்கு ஒரு அதிகாரம் என்றால், மூழ்குகிறவன் யாரிடம் போய்க் கேட்பான்?

வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் நடந்ததையும் சொல்லவேண்டும். உள்ளாட்சி மன்றங்களின் ஐந்து ஆண்டு ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது. நடக்கவேண்டிய தேர்தல், அதன் அறிவிக்கை முறைப்படி இல்லை என்று உயர் நீதிமன்றத்தில் ரத்தாயிற்று. அதன்பின் நகரங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். மன்றத்தின் ஆயுள் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் சொல்கிறது. அந்தத் திருத்தம் 1993 முதல் அமலில் இருக்கிறது. ஆயினும் ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தனி அதிகாரிகளே எங்கள் ஊர்களை நிர்வகித்தார்கள். நூற்றாண்டில் ஒரு முறை வரக்கூடிய வெள்ளம் வந்து போன கையோடு, எந்தக் கால்வாயை முதலில் வெட்டுவது, எந்த ஆக்கிரமிப்பை முதலில் எடுப்பது, யாருக்கு எங்கே மாற்று இடம் கொடுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்யவேண்டிய அந்த வருஷங்களில், ஊருக்கென்று ஒரு மன்றமே இல்லை!

அதிகாரிகளில் திறமைசாலிகள் இருந்தார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால், அதிகாரிக்கு மாற்றல் உண்டு. கவுன்சிலருக்கு மாற்றல் கிடையாது. அவர் அதே தெருவில் காய்கறி வாங்கவேண்டும். அதே கல்யாணத்துக்கு வரவேண்டும். ஐந்து வருஷம் கழித்து அதே வாசலில் நின்று கும்பிடவேண்டும். அவருடைய வெட்கம்தான் நம்முடைய பாதுகாப்பு. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்று ஆக்கும்போது அந்த வெட்கம் நீர்த்துப்போகிறது என்பதே என் முதல் ஆட்சேபம்.

பெரிய மாநகராட்சியின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்து ஊர்களாக இருந்தபோது ஒவ்வோர் ஊரும் தன் எல்லை வரைக்கும் கால்வாய் வெட்டி, தன் தண்ணீரையும் குப்பையையும் பக்கத்து ஊருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. சின்னப் பேரூராட்சிக்கு நல்ல பொறியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளவும் வசதி இல்லை. ஒரே மாநகராட்சி என்றால் ஒரே வரைபடம் போடலாம். பெரிய கடன் வாங்கலாம். பாதாளச் சாக்கடைக்கு ஒரே திட்டம் தீட்டலாம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தபோதும் இந்த நியாயத்தைத்தான் சொன்னார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. தாம்பரத்தின் முதல் மேயர் ஸ்தானம் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டதால், வசந்தகுமாரி கமலக்கண்ணன் என்ற இருபத்தைந்து வயதுப் பெண் அந்த நாற்காலியில் அமர்ந்தார். ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு நாவலில் இப்படி எழுதியிருந்தால், நடக்காத விஷயம் என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆகையால், மாநகராட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே பெரிதாக்கினால் கீழே நெருக்கமாக்கவேண்டும் என்கிறேன். இரண்டாவது காரியம் நடக்காமல் முதல் காரியம் மட்டும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அது வேடிக்கையான உதாரணம் அல்ல. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தியும் பேதியும் கண்டு பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிர்களும் போயின. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் அங்கே குடியிருந்தவர்கள். தண்ணீர்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை என்றார் அமைச்சர். அந்தப் பகுதியில் ஒரு பக்கம் மாநகராட்சி. இன்னொரு பக்கம் ராணுவத்தைச் சேர்ந்த கன்டோன்மென்ட் போர்டு. காரணம் எதுவென்ற வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். குழாயில் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்று ஒரு வீட்டுப் பெண்மணிக்கு முதலில் தெரிகிறது. எந்தப் பரிசோதனைச் சாலைக்கும் முன்னால் அவளுக்குத் தெரிகிறது. அவள் அதைச் சொன்னால் அன்று மாலைக்குள் குழாயை மூடக்கூடிய ஓர் ஆள், அவள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறாரா? இருந்தால் அது நகராட்சி. இல்லாவிட்டால் எத்தனை ‘மா’ போட்டாலும் பிரயோசனம் இல்லை.

இதற்கு ஜனங்களே முன்வந்து பாடுபட்டால் போதாதா என்று கேட்கலாம். சிட்லபாக்கத்தைச் சொல்வார்கள். நியாயமாகவே சொல்வார்கள். அந்த ஏரி வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதன் ஓரத்தில் பேரூராட்சியே குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள், இளைஞர்களும் பென்ஷன்காரர்களுமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே இறங்கிக் குப்பையை அள்ளினார்கள், மனு கொடுத்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், விடாமல் எழுதினார்கள். 2019-இல் அரசாங்கம் ஏரியைச் சீர்ப்படுத்த 25 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. பிற்பாடு ஏரி ஆழமாயிற்று, கரை உயர்ந்தது, நடைபாதை வந்தது. இது சாமானிய சாதனை அல்ல. இதே காலத்தில் செம்பாக்கம் ஏரிக்கும் தொண்டு நிறுவனங்கள் கைகொடுத்தன.

ஆனால், இந்தப் புகழுரையோடு நிறுத்திவிட எனக்கு மனம் இல்லை. எங்கள் பக்கத்து நலச் சங்கங்களின் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அங்கே பேசுகிறவர்கள் யார்? சொந்த வீடு உள்ளவர்கள். மனு எழுதத் தெரிந்தவர்கள். பகல் பதினோரு மணிக்கு அலுவலகத்துக்குப் போக ஓய்வு உள்ளவர்கள். வாடகைக்கு இருப்பவன் பேசமாட்டான். பதினோரு மாத ஒப்பந்தக்காரனுக்கு ஊர் ஏது? வீட்டு வேலைக்கு வருகிற பெண் பேசமாட்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஏரிக்கரையில் குடிசை போட்டவனைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அவன் மட்டும் அங்கே இருக்கமாட்டான். ஏரிக்குள் கட்டியவன் எல்லாரும் ஏழை என்பதில்லை. மாடி வீடு கட்டிப் பத்திரம் வாங்கி, வரியும் கட்டி, மின்சாரமும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் குடிசையின் மேல் விழுகிற வேகத்தில் மாடி வீட்டின் மேல் விழுவதில்லை. ஏரி நமக்கு வேண்டும், சந்தேகமில்லை. அதற்காக வீட்டை இழக்கிறவனுடைய வார்த்தையையும் கேட்டுவிட்டு எடுக்கிற முடிவுதான் ஊரின் முடிவு. நலச் சங்கம் ஊருக்குத் துணை. அதுவே ஊர் ஆகாது.

ஊர் என்றால் என்ன, ஊரின் முடிவு என்றால் என்ன என்பதைப் பற்றி இதே பழைய செங்கல்பட்டுச் சீமையில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறித்த சாசனங்களை மேடையில் பேசாத அரசியல்வாதி இல்லை. முப்பது குடும்புகள், ஒவ்வொன்றிலும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுக்கச் சொல்வது, தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட ஓர் ஏரி வாரியம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்ற பகுதியைப் பிரசங்கிகள் வாசிப்பதில்லை. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்கவேண்டும், வேதம் தெரிந்திருக்கவேண்டும். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் குடத்தில் இடம் இல்லை. தாம்பரத்து மேயர் அந்தச் சபையின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

அந்தச் சாசனத்தில் நான் மிகவும் மதிக்கும் விதி வேறொன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது! பொறுப்பும் 360 நாளைக்குத்தான். சொத்துக்கும் ஜாதிக்கும் போட்ட வேலியை அவர்களுடைய காலத்தோடு விட்டுவிடுவோம். கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி பதவி இல்லை என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். குடவோலையைப் புகழ்கிறவர்கள் இந்த ஒரு வரியைச் சட்டமாக்கிவிட்டுப் புகழட்டும்.

கணக்கு என்று வந்ததும் ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியில் இருப்பவனுக்குக் கிராம சபை உண்டு. ஆண்டுக்கு ஆறு நாள், குடியரசு தினம் முதல் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினம் வரை, ஊர் வாக்காளர் எவரும் போய் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்கலாம். பேரூராட்சிக்காரனுக்கும் நகராட்சிக்காரனுக்கும் அப்படிப்பட்ட சபை நெடுங்காலம் கிடையாது. முடிச்சூர் கிராமவாசிக்கு இருந்த உரிமை, அடுத்த தெருவில் பெருங்களத்தூரில் இருந்தவனுக்கு இல்லை. ஊர் பெரிதாகப் பெரிதாகக் கேள்வி கேட்கும் உரிமை சிறிதாகிக்கொண்டே போயிற்று.

2022-இல் இதற்கு ஒரு பரிகாரம் பிறந்தது. நகரங்களுக்கு வார்டுக் குழுவும் பகுதி சபையும் வேண்டும் என்று அரசாங்கம் விதிகள் செய்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் ஸ்டாலினே வந்து கலந்துகொண்டது எங்கள் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில்! பெருமைப்படவேண்டிய விஷயம்தான். ஆனால், முதலமைச்சர் வருகிற கூட்டத்தில் பதில் உடனே கிடைக்கும். அது எல்லாருக்கும் தெரியும். அவர் வராத கூட்டத்தில்தான் பகுதி சபைக்குப் பரீட்சை. வார்டுக் குழுவில் கவுன்சிலரோடு உட்காரும் பகுதிப் பிரதிநிதிகளைத் தெருக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை, நியமிக்கிறார்கள். கூட்டம் நடக்கும் நாள் வீட்டுக்கு வீடு தெரிவதில்லை. போன கூட்டத்தில் எழுதிய தீர்மானம் என்ன ஆயிற்று என்று படித்துக் காட்டும் வழக்கமும் வேரூன்றவில்லை. படித்துக் காட்டாத தீர்மானம் தண்ணீரில் எழுதிய எழுத்து.

1882-இல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சிக்கு அடிகோலியபோது, நிர்வாகம் செம்மையாக நடக்கும் என்பதை முக்கியமான காரணமாகச் சொல்லவில்லை. ஜனங்கள் அரசியல் பழகுவதற்கு அது பள்ளிக்கூடம் என்ற கருத்தில் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நமக்கு இன்னும் முதல் வகுப்புப் பாடமே பாக்கி இருக்கிறது. பாதி குற்றம் சர்க்காருடையது; மற்றப் பாதி, கூட்டம் என்றால் டீயும் பிஸ்கட்டும் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிற நம்முடையது. நாவல் படிக்கிறவர்களாகிய நாம் ஒரு பாத்திரம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்று மணிக்கணக்காக வாதம் செய்வோம். நம் வீட்டு வாசலில் விழுந்த மழை எந்த வழியாக எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்டால் விழிப்போம்.

என் யோசனை சிறியது. பகுதி சபையின் நாளை வருஷ ஆரம்பத்திலேயே அச்சடித்து ஒட்டட்டும். வாடகைக் குடியிருப்பவரையும் கரையோரத்தில் இருப்பவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். சென்ற கூட்டத்துத் தீர்மானங்களையும், அந்த வார்டில் செலவான தொகையையும் தமிழில் உரக்க வாசிக்கட்டும். ஏரி, வடிகால், சாலை, குழாய், மின்சாரம் ஆகிய ஐந்துக்கும் உரிய இலாகாக்கள் ஒவ்வொன்றும் ஒரு பொறுப்பான ஆளை அந்த மேஜைக்கு அனுப்பட்டும். “எங்கள் எல்லை அல்ல” என்ற பதிலை அங்கே அனுமதிக்க வேண்டாம். அடையாற்றின் மேற்கு ஏரிகளைப் பற்றிப் பேசும்போது ஆதனூர்க்காரரும் மண்ணிவாக்கத்துக்காரரும் வந்து உட்காரட்டும். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். நாற்காலிகளும் ஒரு கணக்கு நோட்டும் போதும்.

2022-இல் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு ஆயுள் ஐந்து வருஷம். அதற்கு அடுத்ததற்கும் அப்படியே. அந்தந்தத் தேர்தல் உரிய காலத்தில் நடக்கிறதா என்று கவனிப்பது முதல் கடமை. ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலில் உட்காரவைத்து, இந்தத் தெருவின் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பது இரண்டாவது. தெரியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவரையும் அழைத்துக்கொண்டு கால்வாயோடு கூடவே ஒரு மைல் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அது அடைத்துக்கொண்டிருக்கிறது, யாருடைய சுவர் அதன் மேல் நிற்கிறது என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்துபோகும். தெரிந்த பிறகு அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அடுத்த தேர்தலில் யாருக்கு என்ன பதில் சொல்வது என்பதில் உங்களுக்கு ஒரு சந்தேகமும் இராது.